பிரவுசரிலிருந்து க்யூவுக்குச் செய்தி போகவில்லையா? பிஎச்பி - ராபிட்எம்க்யூ சந்தேகங்கள்

பாரிமுனை கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்கள், ராயபுரத்து லாரி புக்கிங் ஆபீஸ்கள், மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகள் என்று பல இடங்களில் அமைப்பு ஒன்றுதான். வெப் பக்கத்தில் கண்டெய்னர் எண்ணை அடித்துச் சேமித்தால் பிஎச்பி ஸ்கிரிப்ட் ராபிட்எம்க்யூவில் (செய்திகளை க்யூவில், அதாவது வரிசையில், வைத்துக் கொடுக்கும் சர்வர்) ஒரு செய்தியைப் போடும். பின்னால் ஓடும் வொர்க்கர் அதை எடுத்து கேட் பாஸ் அச்சடிக்கும், டிரைவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். நடுவில் இணைப்பு அறுந்தால் கேட்டில் வண்டி வரிசை கட்டி நிற்கும். இந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு, புள்ளி, கோடு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும்.

"க்யூ எதுக்கு சார்? நேரா டேட்டாபேஸ்ல எழுதி வெச்சா ஆகாதா?"

சின்ன ஆபீஸுக்கு ஆகும். ஒரு டேபிள், நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு கிரான், அவ்வளவே போதும். எஸ்எம்எஸ் கேட்வே பதில் சொல்லச் சில விநாடி எடுக்கும்போது கவுண்டரில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது, ஒரே வேலையை இரண்டு மூன்று வொர்க்கர்கள் பங்கு போட வேண்டும் என்றால்தான் க்யூ வேண்டும்.

"டெர்மினல்ல ஓட்டினா ஓடுது. பிரவுசர்ல வந்தா மட்டும் கனெக்ட் ஆவல. அதே ஃபைல்தான் ணா, எப்படி?"

ஃபைல் அதேதான், அதை ஓட்டுகிற ஆள் வேறு. டெர்மினலில் ஓட்டுவது நீங்கள். பிரவுசர் வழியாக ஓட்டுவது வெப் சர்வரின் கணக்கு. உபுண்டு, டெபியனில் அதன் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, ஆல்மா, ராக்கி வகையில் அப்பாச்சி. வெப் சர்வர் வழியாக ஓடும்போது நான்கு விஷயம் மாறுகிறது: படிக்க முடிந்த ஃபைல்கள், பிஎச்பி.ஐஎன்ஐ (பிஎச்பியின் அமைப்பு ஃபைல்), என்விரான்மென்ட் மாறிகள், எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவல்) போடும் எல்லை. இந்தப் பக்கத்தில் வரும் கோளாறுகளில் பல இந்த நான்கில் ஒன்றுதான்.

ஐஎன்ஐ வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. உபுண்டுவில் /இடிசி/பிஎச்பி/8.1/ (எண் உங்கள் பிஎச்பி பதிப்பைப் பொறுத்தது) என்ற ஃபோல்டருக்குள் சிஎல்ஐ (டெர்மினலுக்கு), எஃப்பிஎம் (வெப் சர்வருக்காக பிஎச்பியை ஓட்டும் சர்வீஸுக்கு), அப்பாச்சி2 என்று தனித்தனி ஃபோல்டர் இருக்கும். சிஎல்ஐயில் மட்டும் ராபிட்டுடன் பேச உதவும் ஏஎம்க்யூபி எக்ஸ்டென்ஷனை இயக்கிவிட்டால் டெர்மினலில் ஓடும், பிரவுசரில் "கிளாஸ் கிடைக்கவில்லை" என்று விழும். பிஎச்பிஇன்ஃபோ போட்ட ஒரு பக்கத்தை பிரவுசரில் திறந்து, எந்த ஐஎன்ஐ ஏறியிருக்கிறது, ஏஎம்க்யூபி, சாக்கெட்ஸ் பகுதிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பார்த்த கையோடு அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். அதில் உங்கள் பாஸ்வேர்டு வரை எல்லாம் தெரியும்.

'சுடோ -யு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பிஎச்பி' என்று ஓட்டிப் பார்த்துவிட்டு "வெப் யூசரிலும் ஓடுகிறதே" என்று முடிவு கட்டாதீர்கள். அதில் மாறுவது கணக்கு மட்டும். ஐஎன்ஐ சிஎல்ஐயுடையதாகவே இருக்கும், எஸ்இலினக்ஸ் எல்லையும் வராது. சோதனை பிரவுசர் வழியாகவே நடக்க வேண்டும்.

"அப்போ பிரவுசர் வழியா எப்படி டெஸ்ட் பண்றது?"

ராபிட் லைப்ரரியை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து வரியில் ஒரு பக்கம் எழுதுங்கள். எஃப்சாக்ஓப்பன் ஃபங்ஷனுக்கு சர்வர் ஐபி, போர்ட் 5672, காலவரம்பு 3 விநாடி கொடுங்கள். திரும்பி வரும் எர்ரர் எண்ணையும் வாசகத்தையும் எக்கோ செய்யுங்கள். இது தேறினால் கம்பி சரி, பிரச்சினை லாகினிலோ அனுமதியிலோ இருக்கிறது. தேறாவிட்டால் யூசர், பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம்.

"எர்ரர்ல ஒரு தடவை 111, இன்னொரு மெஷின்ல 13. ரெண்டும் கனெக்ட் ஆவலன்னுதானே அர்த்தம்?"

இல்லை. எந்த இடத்தில் தடுத்தார்கள் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

111 என்றால் மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. 110 என்றால் பதிலே இல்லை: ஐபி தவறு, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் பொட்டலத்தைக் கீழே போடுகிறது. யுஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) வழக்கமாக அப்படித்தான் செய்யும். 113 "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று பயமுறுத்தும், ஆனால் ஆல்மா, ராக்கி மெஷின்களில் பெரும்பாலும் அது ஃபயர்வால்டி (அவற்றின் ஃபயர்வால்) மறுத்ததற்கான அடையாளம். ரவுட்டரைக் கழற்றி மாட்டாதீர்கள், 5672-ஐத் திறந்துவிடுங்கள். எண் 0 வந்து கெட்அட்ரின்ஃபோ என்று வாசகம் வந்தால் ஹோஸ்ட் பெயரையே தேட முடியவில்லை. 13 என்றால் உங்கள் சொந்த மெஷினே வெளியே போக விடவில்லை.

"13 தான் வருது. ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் வருது."

முதலில் ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 13-க்குக் காரணம் எஸ்இலினக்ஸ். ரெட்ஹேட் வழி வந்த சிஸ்டங்களில், வெப் சர்வர் ஸ்கிரிப்ட் தானாக வெளியே இணைப்பு எடுப்பது இயல்பிலேயே தடை. உங்கள் டெர்மினலுக்கு அந்தத் தடை இல்லாததால்தான் அங்கே ஓடுகிறது.

உறுதி செய்ய: 'ஆசெர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்'. எச்டிடிபிடி_டி, நேம்_கனெக்ட், 5672 மூன்றும் ஒரே வரியில் வந்தால் இதுதான். தீர்க்க: 'செட்செபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் 1'. இங்கே மட்டும் அந்த -பி பெரிய எழுத்து. அதை விட்டுவிட்டால் இப்போது சரியாகும், மெஷின் ரீபூட் ஆனதும் மறுபடி 13 வரும். வடசென்னையில் மழைக்காலத்தில் கரண்ட் போகாத வாரம் அபூர்வம், ஆகவே ரீபூட் கட்டாயம் நடக்கும்.

எஸ்இலினக்ஸையே நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். வெப் பக்கத்தில் ஓட்டை இருந்து யாராவது உள்ளே வந்தால், மீதி மெஷினுக்கு அதுதான் கடைசிச் சுவர். ஒரு ஸ்விட்சைத் திறந்தால் போதும் என்கிறபோது சுவரை இடிக்க வேண்டியதில்லை.

"111 வருது, ஆனா ராபிட் ஓடிட்டுதான் இருக்கு. ஸ்டேட்டஸ் பச்சையா காட்டுது."

ஓடுவது சரி, எங்கே கேட்கிறது? 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' அடித்து 5672 வரியைப் பாருங்கள். 127.0.0.1 (மெஷின் தன்னையே அழைக்கும் முகவரி, லோக்கல்ஹோஸ்ட்) மட்டும் இருந்தால் பக்கத்து மெஷினிலிருந்து வரவே முடியாது. 15672 மேனேஜ்மென்ட் பக்கத்துக்கான போர்ட், அதை ஸ்கிரிப்டில் போட்டிருப்பவர்களும் உண்டு.

டாக்கரில் ஓட்டினால் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்தான் காரணம். பிஎச்பி ஒரு கண்டெய்னரிலும் (யார்டு கண்டெய்னர் இல்லை, டாக்கர் ஒவ்வொரு புரோகிராமையும் தனியாக ஓட்டும் அறை) ராபிட் இன்னொன்றிலும் இருந்தால், பிஎச்பிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது தன் கண்டெய்னர்தான். கம்போஸ் ஃபைலில் ராபிட் சர்வீஸுக்கு வைத்த பெயரையே ஹோஸ்டாகக் கொடுங்கள்.

"கெஸ்ட்/கெஸ்ட் போட்டா மணலி சர்வர்லயே ஓடுது, பாரிமுனை ஆபீஸ்ல இருந்து ஓடல."

கெஸ்ட் கணக்கு ராபிட் இருக்கும் அதே மெஷினிலிருந்து மட்டுமே நுழைய முடியும். 3.3 பதிப்பிலிருந்து அப்படித்தான். லூப்பேக்_யூசர்ஸ் அமைப்பைத் தளர்த்தாமல் தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள்.

"தனி யூசர் போட்டாச்சு, அட்மின் டேகும் கொடுத்தாச்சு. ஆனாலும் ஸ்கிரிப்டை உள்ள விட மாட்டேங்குது."

அட்மின் டேக் மேனேஜ்மென்ட் பக்கத்துக்கானது. க்யூவைத் தொட அது உதவாது. புதிதாகச் சேர்த்த யூசருக்கு எந்த வி-ஹோஸ்டிலும் (ராபிட்டுக்குள் உள்ள தனித்தனிப் பிரிவு) எந்த உரிமையும் கிடையாது, தனியாகக் கொடுக்க வேண்டும்: 'ராபிட்எம்க்யூசிடிஎல் செட்_பர்மிஷன்ஸ் -பி வி-ஹோஸ்ட்பெயர் யூசர்பெயர்', அதன் பின் மூன்று வடிவக் கோவைகள் (எந்தப் பெயர்களுக்கு உரிமை என்று சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்). முதலாவது க்யூ, எக்ஸ்சேஞ்ச் (செய்தியை வாங்கி உரிய க்யூவுக்கு அனுப்பும் பகுதி) உருவாக்க, அழிக்க. இரண்டாவது எழுத. மூன்றாவது படிக்க. மூன்றுக்கும் ".*" கொடுத்தால் எல்லாம் திறக்கும். வேலை ஓடுகிறதா என்று பார்க்க அது போதும், அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு தவறா, உரிமை இல்லையா என்று பிரிக்க 'ராபிட்எம்க்யூசிடிஎல் ஆத்தென்டிகேட்_யூசர்' கட்டளைக்கு யூசரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். அது தேறினால் பாஸ்வேர்டு சரி. அடுத்து 'ராபிட்எம்க்யூசிடிஎல் லிஸ்ட்_பர்மிஷன்ஸ் -பி வி-ஹோஸ்ட்பெயர்' அடித்தால் அந்த யூசர் பட்டியலில் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். முழுக் காரணமும் /வார்/லாக்/ராபிட்எம்க்யூ/ ஃபோல்டரில் ஒரே வரியில் எழுதியிருக்கும். ஸ்கிரிப்டுக்கு வரும் வாசகம் வேண்டுமென்றே சுருக்கமாக இருக்கும், லாக் அப்படி மறைக்காது.

"வி-ஹோஸ்ட் ஸ்லாஷ்தானே? யுஆர்எல் கடைசில ஸ்லாஷ் இருக்கே, அப்புறமும் 530 வருது."

530 என்றால் அந்த வி-ஹோஸ்டுக்குள் விட மறுக்கிறது. யுஆர்எல்லின் கடைசி ஸ்லாஷ் பிரிப்புக் குறி மட்டும். அதற்குப் பின் ஒன்றும் இல்லாவிட்டால் சில லைப்ரரிகள் "பெயரில்லாத வி-ஹோஸ்ட்" என்று எடுத்துக்கொள்ளும். இயல்பான வி-ஹோஸ்டின் பெயரே ஸ்லாஷ் என்பதால் அதைக் குறியீடாக்கி எழுத வேண்டும்: சதவீதக் குறி, 2, எஃப். பாஸ்வேர்டில் @ இருந்தாலும் இதே கதை, அதை %40 என்று எழுதாவிட்டால் சில லைப்ரரிகள் @-க்குப் பின்னால் இருப்பதை ஹோஸ்ட் பெயர் என்று நினைத்துத் தேடப் போகும். மேலே சொன்ன எண் 0 அப்படியும் வரும்.

"பாஸ்வேர்டை என்விரான்மென்ட்ல வெச்சிருக்கேன். டெர்மினல்ல எடுக்குது, வெப்ல காலியா வருது."

பிஎச்பி-எஃப்பிஎம் தன் வொர்க்கர்களுக்கு என்விரான்மென்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கும். அதன் பூல் ஃபைலில் (எஃப்பிஎம்மின் அமைப்பு ஃபைல்) கிளியர்_என்வி இயல்பாகவே "யெஸ்". அதை "நோ" ஆக்கலாம். அதைவிட அதே பூல் ஃபைலில் தேவையான மாறியை மட்டும் என்வி என்ற வரியில் கொடுப்பது நல்லது. பிறகு எஃப்பிஎம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜினெக்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. பாஷ்ஆர்சியில் எழுதியது எந்த வெப் சர்வருக்கும் போகாது.

"லாகின் ஆகுது, பப்ளிஷ் பண்ணும்போது 403. எழுதற உரிமை கேட்_பாஸ் க்யூவுக்குக் கொடுத்திருக்கேனே?"

எழுதும் உரிமை க்யூவின் மேல் பார்க்கப்படுவதில்லை, எக்ஸ்சேஞ்சின் மேல் பார்க்கப்படுகிறது. எக்ஸ்சேஞ்ச் பெயரைக் காலியாக விட்டு அனுப்பினால், உரிமைச் சோதனையில் அதற்கு ஏஎம்க்யூ.டிஃபால்ட் என்று பெயர். எழுதும் கோவை அந்தப் பெயருக்குப் பொருந்த வேண்டும்.

வெப் ஸ்கிரிப்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது: உருவாக்க, படிக்க உரிமை இல்லை, எழுத மட்டும் அந்த ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு. க்யூவை உருவாக்கும் வேலை வொர்க்கருடையது. ஸ்கிரிப்டில் க்யூ_டிக்ளேர் வரி மிச்சம் இருந்தால் அதுவே 403 வாங்கித் தரும், எடுத்துவிடுங்கள்.

"406 ப்ரீகண்டிஷன் ஃபெய்ல்டு. நேத்து வரைக்கும் ஓடிச்சு."

இருக்கிற க்யூவை யாரோ வேறு குணங்களுடன் மறுபடி அறிவிக்கிறார்கள். டியூரபிள் (ராபிட் நின்று மறுபடி தொடங்கினாலும் அழியாதது) ஆம் என்று இருப்பதை இல்லை என்று அறிவித்தால் இப்படி மறுக்கும். எந்தக் குணம் ஒத்துப்போகவில்லை என்பதை வாசகமே சொல்லும். குணத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வேறு பெயரில் புது க்யூ திறந்து, பழையது காலியான பின் அழியுங்கள். செய்தி இருக்கும்போது அழித்தால் கேட் பாஸ்களும் சேர்ந்து போகும்.

"எர்ரரே இல்ல. ஸ்கிரிப்ட் ஓகே சொல்லுது. க்யூல ஒண்ணுமே இல்ல."

வொர்க்கர் எடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்: 'ராபிட்எம்க்யூசிடிஎல் லிஸ்ட்_க்யூஸ் நேம் மெசேஜஸ்_ரெடி மெசேஜஸ்_அன்அக்னாலெட்ஜ்டு கன்ஸ்யூமர்ஸ்'. யாரோ மறந்துபோய் விட்ட பழைய டெஸ்ட் வொர்க்கர் செய்திகளை விழுங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். கன்ஸ்யூமர் எண்ணிக்கை நீங்கள் நினைத்ததைவிட ஒன்று கூடுதலாக இருக்கும்.

அது இல்லையென்றால் ரவுட்டிங் கீயில் (செய்தி எந்த க்யூவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறி) எழுத்துப்பிழை. போய்ச் சேர இடமில்லாத செய்தியை ராபிட் எர்ரர் சொல்லாமல் கைவிடும். அதன் இயல்பே அப்படி. இதைப் பிடிக்க இரண்டு வேண்டும். பிஎச்பி-ஏஎம்க்யூபிலிப் லைப்ரரியின் பேசிக்_பப்ளிஷில் நான்காவது இடத்தில் இருக்கும் மேண்டேட்டரியை உண்மை என்று வைத்தால், இடம் கிடைக்காத செய்தி திரும்பி வரும், அதைப் பிடிக்க ரிட்டர்ன் லிசனர் ஒன்று வையுங்கள். கூடவே கன்ஃபர்ம்_செலக்ட் போட்டு, அனுப்பிய பின் 'வெயிட்_ஃபார்_பெண்டிங்_அக்ஸ்_ரிட்டர்ன்ஸ்' என்று 5 விநாடி காத்திருங்கள். ராபிட் பெற்றுக்கொண்டது என்று தெரிந்த பிறகே திரையில் "பதிவானது" காட்டுங்கள். பணமும் வண்டியும் சம்பந்தப்பட்ட செய்திக்கு இது இல்லாமல் விடவே கூடாது.

"சேவ் அழுத்தினா சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல மொத்த சைட்டும் 504."

ராபிட் இருக்கும் மெஷினில் டிஸ்க்கையும் மெமரியையும் பாருங்கள். காலி இடம் 50 எம்பிக்குக் கீழே போனாலோ, மெமரி வரம்பைத் தாண்டினாலோ (பதிப்பைப் பொறுத்து மொத்த ரேமில் 40 அல்லது 60 சதவீதம்), ராபிட் அலாரம் போட்டு, எழுதும் இணைப்புகளிலிருந்து படிப்பதையே நிறுத்திவிடும். கனெக்ட் ஆகும், லாகின் ஆகும், பப்ளிஷ் வரிகூடத் தாண்டிவிடும். க்ளோஸ் வரியில் போய் நிற்கும். எர்ரர் எதுவும் வராது. 'ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் அலார்ம்ஸ்' அடித்தால் தெரிந்துவிடும். பழைய லாக்கை அழித்து இடம் கொடுத்த சிறிது நேரத்தில் தானாக விடுவிக்கும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

சைட் முழுக்க விழுவதற்குக் காரணம், நின்றுபோன ஒவ்வொரு ஸ்கிரிப்டும் ஒரு எஃப்பிஎம் வொர்க்கரைப் பிடித்துக்கொண்டிருப்பது. பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் எண்ணிக்கை தீர்ந்ததும் க்யூவே தொடாத பக்கங்களும் திறக்காது. மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் 30 இருக்கிறதே என்று நம்பாதீர்கள். லினக்ஸில் அது நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பூல் ஃபைலில் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் 20 விநாடி என்று வையுங்கள், இயல்பில் அது 0, அதாவது வரம்பே இல்லை.

"நைட்டு சும்மா இருந்த வொர்க்கர் காலைல எதையும் எடுக்க மாட்டேங்குது. ரீஸ்டார்ட் பண்ணா எடுக்குது."

இரு ஆபீஸுக்கு நடுவில் உள்ள ரவுட்டர், சும்மா கிடக்கும் இணைப்பை மறந்துவிடுகிறது. வொர்க்கருக்கு அது தெரியாது. லினக்ஸின் கீப்அலைவ் முதல் முறை தட்டவே 7200 விநாடி ஆகும், அதையும் ஸ்கிரிப்ட் கேட்டிருந்தால்தான். பிஎச்பி-ஏஎம்க்யூபிலிப்பில் ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அவ்வப்போது அனுப்பும் சைகை) இயல்பில் 0. வொர்க்கரில் அதை 30 ஆக்குங்கள், ரீட்_ரைட்_டைம்அவுட்டை 60-க்குக் குறையாமல் வையுங்கள். இரு மடங்குக்குக் கீழே இருந்தால் சில பதிப்புகளில் லைப்ரரியே மறுத்துவிடும். ஒரு செய்தியின் வேலை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் நடுவில் ஹார்ட்பீட் போகாமல் ராபிட் இணைப்பை வெட்டும். அதற்கு அந்த லைப்ரரியிலேயே 'பிசிஎன்டிஎல்ஹார்ட்பீட்சென்டர்' என்ற கிளாஸ் இருக்கிறது, வேலைக்கு நடுவிலும் அது ஹார்ட்பீட் அனுப்பும்.

வெப் ஸ்கிரிப்டுக்கு இது எதுவும் வேண்டாம். அது ஒரு விநாடிக்குள் வந்து போகிற இணைப்பு.

"வொர்க்கரையும் ஒரு பேஜா போட்டு பிரவுசர்ல திறந்து வெச்சா ஆகாதா?"

ஆகாது. மேலே சொன்ன காலவரம்புகள் எல்லாம் அதைக் கொல்லும். சிஎல்ஐயில், சிஸ்டம்டி சர்வீஸாக, ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் (முதல் எழுத்து பெரியது) என்று ஓட்டுங்கள். எந்தச் செய்தியையும் அக் செய்யாமல் (வேலை முடிந்தது என்று ராபிட்டுக்குச் சொல்லாமல்) 30 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், ராபிட் அந்தச் சேனலை மூடிச் செய்தியைத் திரும்ப வரிசையில் போடும். ஒரே கேட் பாஸ் இரண்டு முறை அச்சாவது பெரும்பாலும் இதனால்தான்.

"கரண்ட் போய் வந்துச்சு. க்யூ இருக்கு, உள்ள காலி."

க்யூவை டியூரபிள் ஆக்கியிருக்கிறீர்கள், செய்தியை ஆக்கவில்லை. செய்தி ஒவ்வொன்றிலும் டெலிவரி_மோட் 2 வேண்டும். கன்ஃபர்ம் கேட்டு வாங்கினால்தான் டிஸ்க்கில் இறங்கியது உறுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல மின்சாரம் நாள்கணக்கில் போனால் யுபிஎஸ் காப்பாற்றாது, டிஸ்க்கில் எழுதியது மட்டும்தான் மிஞ்சும்.

"சர்வரை யார்டுக்கு மாத்திட்டோம், மெஷினுக்குப் புதுப் பேர் வெச்சோம். யூசர், க்யூ எல்லாமே காணோம்!"

காணாமல் போகவில்லை. ராபிட் தன் தரவை மெஷின் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு வைக்கும். /வார்/லிப்/ராபிட்எம்க்யூ/ உள்ளே போய்ப் பாருங்கள், பழைய பெயரில் ஒன்றும் புதுப் பெயரில் காலியாக ஒன்றும் இருக்கும். ராபிட்டை நிறுத்தி, ஹோஸ்ட் பெயரைப் பழையபடி வைத்துத் தொடங்குங்கள், எல்லாம் திரும்பும். இந்த நிலையில் புது யூசர்களைச் சேர்க்கத் தொடங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

"க்யூல எத்தனை இருக்குன்னு டாஷ்போர்டுல காட்டணும். பிஎச்பில ஷெல்_எக்ஸெக் போட்டு ராபிட்எம்க்யூசிடிஎல் கூப்பிட்டா பர்மிஷன் எர்ரர்."

அந்தக் கட்டளைக்கு எர்லாங் குக்கி (ராபிட்டின் ரகசியச் சாவி) வேண்டும். அது ராபிட்டின் கணக்கு மட்டும் படிக்கக்கூடிய ஃபைல். வெப் யூசருக்கு அதைத் திறந்துவிடாதீர்கள், குக்கி கையில் இருப்பவர் அந்த ராபிட்டுக்கே எஜமான். 15672-இல் இருக்கும் எச்டிடிபி ஏபிஐயைக் கூப்பிடுங்கள். மானிட்டரிங் டேக் மட்டும் உள்ள தனி யூசர் ஒன்று போதும், அந்த வி-ஹோஸ்டில் மூன்று கோவையும் காலியாக வைத்து உரிமை கொடுங்கள்.

"லாக் முழுக்க 'கிளையன்ட் அன்எக்ஸ்பெக்டட்லி க்ளோஸ்டு' வார்னிங். ஹேக்கிங்கா?"

உங்கள் ஸ்கிரிப்ட்தான். க்ளோஸ் சொல்லாமல் எக்ஸிட் ஆகிவிடுகிறது. சேனலையும் கனெக்ஷனையும் மூடுங்கள், வார்னிங் நிற்கும்.

"5672-ஐ வெளில திறந்து வெச்சா ரெண்டு ஆபீஸும் சுலபமா பேசிக்கும்ல?"

5672-இல் பாஸ்வேர்டு மறைப்பில்லாமல் போகும். வழியில் பார்ப்பவருக்கு அப்படியே தெரியும். இரண்டு ஆபீஸுக்கு நடுவில் வயர்கார்டு (விபிஎன்) போட்டு அதற்குள் பேசவிடுங்கள், முடியாவிட்டால் டிஎல்எஸ்ஸுடன் (இணைப்பை மறைத்து அனுப்பும் முறை) 5671. டிஎல்எஸ் போட்ட பின் பிரவுசரில் மட்டும் ஓடவில்லை என்றால், சிஏ சான்றிதழ் ஃபைல் ரூட்டின் ஃபோல்டரில் கிடக்கிறதா என்று பாருங்கள். வெப் யூசரால் அதைப் படிக்க முடியாது.

டாக்கரில் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கம்போஸில் "5672:5672" என்று போட்டால் டாக்கர் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போர்ட்டைத் திறந்துவிடும். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் மூடியதாகவே காட்டும். "127.0.0.1:5672:5672" என்றோ, வயர்கார்டு ஐபியை முன்னால் வைத்தோ எழுதுங்கள். எழுதிய பின் மொபைல் டேட்டாவில் இணைத்த ஒரு லேப்டாப்பிலிருந்து 'என்சி -விஇசட்' கட்டளைக்கு ஆபீஸின் வெளி ஐபியையும் 5672-ஐயும் கொடுத்து, திறக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.